படகுக்குக் காப்புறுதி கேட்டால் முதலில் சர்வே கேட்கிறார்களே, அது என்ன?

மச்சான் படகு வாங்கிய செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாகத்தான் வந்தது. 28 அடி, ஃபைபர் உடம்பு, உள்ளே ஒற்றை டீசல் இன்ஜின், வெள்ளைப் பெயிண்ட் பளபளவென்று. மறுநாள் காலையிலேயே ஃபோன். "மாப்பிள்ளை, கார் இன்சூரன்ஸ் எல்லாம் நீங்கதானே பார்க்கிறீங்க, இதுக்கும் ஒண்ணு போட்டுடுங்க."

கார் என்றால் வண்டி நம்பரும் ஐசி நம்பரும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. படகுக்கு விசாரித்தபோது ஒரே வரியில் பதில் வந்தது: படகுக்கு வயது 20-க்கு மேல் ஆகிறது, கண்டிஷன் சர்வே அறிக்கையை அனுப்பி வையுங்கள். இத்தனை வருஷம் காப்புறுதி விற்ற எனக்கே அது என்னவென்று அரைகுறையாகத்தான் தெரியும். மச்சான் புண்ணியத்தில் முழுசாகத் தெரிந்துகொண்டேன். பினாங்கில் தூண்டில் பைத்தியம் பிடித்து, நாலு பேர் சேர்ந்து பழைய படகு வாங்கிய கூட்டம் எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று உண்டு. அவர்களும் இதே கேள்வியோடு வருவதால் எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். காப்புறுதிக் கம்பெனிக்காரர் உங்கள் படகைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இது மூழ்கவோ எரியவோ எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? அப்படி ஆகிவிட்டால் எவ்வளவு பணம் கொடுக்க வேண்டி வரும்? இந்த இரண்டுக்கும் பதில் எழுதித் தருவதற்காக, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சொந்தமில்லாத மூன்றாம் ஆள் ஒருவர் வந்து படகைப் பார்க்கிறார். அவர்தான் சர்வேயர். படகின் நிலை, படகின் மதிப்பு, இரண்டும் ஒரே அறிக்கையில் வரும்.

"ஓ, புஸ்பகாம் மாதிரியா?" என்றார் மச்சான், வண்டிகளைப் பரிசோதிக்கும் நிலையத்தை நினைத்து. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். புஸ்பகாமில் வண்டி பாஸ் ஆகும், இல்லையென்றால் ஃபெயில் ஆகும். சர்வேயில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. சர்வேயர் பார்த்ததை எழுதுவார், இன்னின்னதைச் சரி செய்யுங்கள் என்று பட்டியல் போடுவார். ஏற்றுக்கொள்வதா, வேண்டாம் என்பதா, பாதி ஏற்றுக்கொள்வதா என்று முடிவு செய்வது கம்பெனி. ஜபாத்தான் லாவுட்டில், அதாவது கடல்துறை அலுவலகத்தில், வாங்கும் லைசென்ஸ் இன்னொரு தனிக் கணக்கு. அதைக் காட்டி இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காபிக் கடையில்தான் கப்பல்காரர்களும் காப்புறுதி போடுபவர்களும் கூடிப் பேசினார்கள். அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் 1760-இல் ஒரு சங்கம் சேர்த்து, 1764-இல் கப்பல்களின் நிலையைப் பட்டியலிட்டு ஒரு புத்தகமே போட்டார்கள். கப்பலின் உடம்புக்கு ஏ, இ, ஐ, ஓ, யூ என்று ஆங்கில உயிரெழுத்தில் மார்க். பாய்மரம், நங்கூரம் போன்ற சாமான்களுக்கு நல்லது, நடுத்தரம், மோசம் என்று தனி மார்க். பிறகு சாமான்களுக்கு எண் வந்தது. நாம் கடையில் "ஏ ஒன் சரக்கு" என்கிறோமே, அது அந்தப் புத்தகத்தில் இருந்து இறங்கி வந்த சொல்தான்.

எந்தப் படகுக்குக் கேட்பார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதுப் படகுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. 10 வருஷம் தாண்டினால் கேட்பவர்கள் உண்டு, 15 அல்லது 20 வரை விடுபவர்களும் உண்டு. ஒரு முறை கொடுத்தால் ஆயுசுக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். பழைய படகென்றால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகக் கேட்பது வழக்கம்.

மச்சான் செய்த பெரிய தப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் முதலில் படகை வாங்கினார், பிறகு சர்வேக்கு வந்தார். வாங்குவதற்கு முன்னால் செய்யும் சர்வே ஒன்று தனியாக உண்டு. அது வாங்குபவருக்காகச் செய்வது. இன்னும் ஆழமாகத் தோண்டும், படகைக் கடலில் ஓட்டியும் பார்க்கும். குறை தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், வேண்டாமென்று திரும்பியும் வரலாம். அந்த அறிக்கை சூடு ஆறாமல் இருந்தால் பல கம்பெனிகள் அதையே காப்புறுதிக்கும் ஏற்றுக்கொள்ளும். ஒரே செலவில் இரண்டு வேலை முடியும். பணத்தைக் கொடுத்துவிட்டுக் குறையைக் கேட்டால் அந்தக் குறையும் உங்களுக்கே சொந்தம்.

யாரைக் கூப்பிடுவது? முதலில் கம்பெனியைக் கேளுங்கள். சிலர் தாங்கள் ஒப்புக்கொள்ளும் சர்வேயர்களின் பட்டியல் வைத்திருப்பார்கள். படகைக் கரையேற்றிப் பார்க்க வேண்டுமா, தண்ணீரில் மிதக்கும்போதே பார்த்தால் போதுமா என்றும் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் பாதி சர்வே செய்து, பிறகு கரையேற்றி மறுபடியும் கூலி கொடுத்தவர்கள் உண்டு. சர்வேயர் பெரும்பாலும் படகின் நீளத்துக்கு, அடிக்கு இவ்வளவு என்று கேட்பார். கரையேற்றும் கூலி அதில் சேராது. விற்றவரே "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார்" என்று கூட்டி வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் பட்டர்வொர்த்தில் இருந்து வந்த ஒரு தமிழர். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தீவின் தெற்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் படகை ஏற்றுவதென்று முடிவானது. தண்டவாளத்தில் ஓடும் தொட்டிலில் படகை வைத்து இழுக்கும் சின்னப் பட்டறை. கடல் நன்றாக ஏறினால்தான் படகு அந்தத் தொட்டில்மேல் வந்து உட்காரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பெரிய ஏற்றம் வரும். பட்டறைக்காரர் சொன்ன தேதி அமாவாசைக்கு மறுநாள். மச்சானின் அம்மா காலண்டரைப் பார்த்து, பாட்டிமை என்று முகம் சுளித்தார். கடலுக்கு அது புரியவா போகிறது?

படகு ஏறியதும் மச்சான் முகத்தில் முதல் அதிர்ச்சி. மேலே வெள்ளையாக மின்னிய படகின் அடி முழுக்கக் கொத்துக் கொத்தாக பார்னக்கிள். மலாய்க்காரர்கள் தெரித்திப் என்பார்களே, அதுதான். சுரண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். சர்வேயர் உடனே வேலையை ஆரம்பிக்கவில்லை. "ஈரம் காயட்டும் தம்பி, இப்ப மீட்டர் வெச்சா எல்லா இடமும் ஈரம்னுதான் காட்டும்," என்று சொல்லிவிட்டுத் தேதாரிக் குடிக்கப் போய்விட்டார். நல்ல சர்வேயருக்கு இது ஒரு அடையாளம் என்று பிறகு புரிந்தது. அவசரப்படுபவரை நம்பக்கூடாது.

மறுநாள் வந்தவர் பையில் இருந்து எடுத்தது ஒரு சின்னச் சுத்தியல். தலை பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள், பெயிண்டைக் காயப்படுத்தாது. அதை வைத்து முன்பக்கத்தில் இருந்து ஜாண் ஜாணாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். பொங்கலுக்கு முன்னால் லிட்டில் இந்தியாவில் மண்பானை வாங்கும்போது அம்மா விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் கூடைக்குள் போகும், மந்தமாகக் கேட்டால் திரும்பக் கடைக்காரர் கைக்கே போகும். இதுவும் அதே வித்தைதான். ஃபைபர் என்பது கண்ணாடி இழை விரிப்புகளை ரெசினில் ஊறவைத்து அடுக்கடுக்காக ஒட்டியது. அடுக்குகள் ஒட்டியிருக்கும் வரை சத்தம் கூர்மையாக வரும். நடுவில் விலகியிருந்தாலோ, உள்ளே வைத்த பலகை ஊறியிருந்தாலோ சத்தம் செத்துவிடும். பின்பக்கம் வலது ஓரத்தில் ஒரு கையகல இடத்தில் 'தொப்' என்றது.

"தம்பி, கேட்டீங்களா?"

மச்சானுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. சர்வேயர் சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

அடுத்து ஈரம் பார்க்கும் மீட்டர். அடிப்பெயிண்டில் செம்பு கலந்திருந்தால் மீட்டர் பொய் சொல்லும் என்பதால் அங்கங்கே சதுரமாகப் பெயிண்டைச் சுரண்டி வைத்துப் பார்த்தார். வட்டம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில், புதுப் பெயிண்டுக்கு அடியில் கொப்புளங்கள். ஒன்றைக் கத்தி முனையால் குத்தினார். சொட்டு நீர் வந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். வினிகர் வாடை.

படகுக்காரர்கள் 'ஆஸ்மோசிஸ்' என்று பயத்தோடு சொல்வது இதைத்தான். ஃபைபரின் மேல்தோலான ஜெல் கோட் வழியாகத் தண்ணீர் மெதுவாக உள்ளே புகுந்துவிடும். உள்ளே கரையக்கூடிய ரசாயனம் ஏதாவது மிச்சம் இருந்தால் அதில் கலந்து கெட்டியான கரைசல் ஆகும். அது மேலும் மேலும் தண்ணீரை இழுக்கும். பாயசத்தில் போட்ட உலர்ந்த திராட்சை ஊதிக்கொள்கிறதே, அதே கதை. திராட்சை ஊதினால் ருசி. படகு ஊதினால் தோல் கிளம்பிக் கொப்புளம். நாலைந்து கொப்புளத்தால் படகு மூழ்கிவிடாது. ஆனால் அவற்றின்மேல் புதுப் பெயிண்ட் பூசியிருந்ததை மச்சானால் மறக்க முடியவில்லை. அந்தப் பளபளப்புக்காகத்தான் அவர் கூடுதல் விலை கொடுத்திருந்தார்.

என்னைக் கேட்டால், கொப்புளத்தைவிடப் பயங்கரமானது அடுத்து அவர் காட்டிய வால்வுதான். இன்ஜினைக் குளிர வைக்கக் கடல் தண்ணீரை உள்ளே எடுக்க, படகின் அடியில் ஒரு துளையும் அதன்மேல் ஒரு வால்வும் இருக்கும். சீகாக் என்பார்கள். அது பித்தளையில் செய்தது. சர்வேயர் கத்தியால் ஒரு கீறு கீறினார். மஞ்சளாக மின்ன வேண்டிய இடம் ரோஸ் நிறத்தில் இருந்தது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. குத்துவிளக்கைப் புளி போட்டு ரொம்ப நேரம் ஊற வைத்தால் அங்கங்கே செம்பு நிறம் தட்டும், பார்த்திருப்பீர்கள். துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மேலே நிற்பதால் வரும் நிறம் அது. விளக்கில் அது மேல்தோலோடு போய்விடும். உப்புத் தண்ணீரில் வருஷக் கணக்காகக் கிடக்கும் வால்வில் உள்ளே வரை போகும். மிஞ்சுவது பஞ்சு மாதிரி ஓட்டையான செம்பு. உருவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. ஒரு நாள் கைப்பிடியைத் திருப்பும்போது முழு வால்வும் கையோடு வரும். தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 70 லிட்டர் வரை உள்ளே வரலாம். வீட்டில் தண்ணீர் மெஷின்மேல் கவிழ்த்து வைக்கும் 19 லிட்டர் பாட்டில் மூன்றரைக்கு மேல். ஒவ்வொரு நிமிடமும்.

அப்படி வந்தால் வெளியே இறைக்கத்தான் அடியில் பம்ப் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் மிதவை மேலே எழும்பி, பம்ப் தானாக ஓட வேண்டும். சர்வேயர் குனிந்து அந்த மிதவையை ஒரு விரலால் தூக்கினார். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பு தட்டும் சத்தம்தான் கேட்டது.

மற்றவை மளமளவென்று போயின. புரொப்பெல்லர் தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் அதிகமில்லை. கடல் நீர் மற்ற உலோகத்தைத் தின்னாமல் தன்னைத் தின்னக் கொடுக்கும் ஸிங்க் கட்டி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள ஹோஸ்களில் இரண்டு கிளிப் வேண்டிய இடத்தில் ஒன்றுதான். பேட்டரியை ராஃபியாக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் படகுகளுக்குத் தரம் வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பின் விதிப்படி பேட்டரி எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. இது ஓர் அடி நகர்ந்தது. மேகி கிண்டுவதற்கென்று கேபினுக்குள் கேஸ் சிலிண்டர். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் வெளிப்பக்கம் வடியும் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். ஆபத்துக்குக் கொளுத்தும் ஒளிக்குச்சிகள் தேதி முடிந்து பல காலம் ஆகியிருந்தன.

அவர் பார்க்காதவையும் உண்டு, அது முக்கியம். இன்ஜினைத் திறக்கவில்லை. அடித்து ஒட்டிய பலகையைப் பெயர்க்கவில்லை. எதையும் உடைக்காமல் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய வரைதான் சர்வே, அறிக்கையிலும் அப்படியே எழுதியிருக்கும். இன்ஜினின் உடல்நிலை தெரிய வேண்டுமென்றால் தனி மெக்கானிக், ஆயில் டெஸ்ட் என்று வேறு செலவு. சர்வே முடிந்த படகு நாளைக்கே இன்ஜின் நின்று போனால் சர்வேயரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

அறிக்கை படங்களோடு முப்பது பக்கம் வந்தது. மச்சான் நேராக மதிப்புப் பக்கத்தைத் திறந்தார். கொடுத்த விலையைவிட எட்டாயிரம் வெள்ளி குறைவு. அன்று முழுக்க அதே புலம்பல். சர்வேயர் பார்ப்பது அதே மாதிரிப் படகு, அதே வயது, அதே நிலையில் சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பதை மட்டும்தான். நீங்கள் போட்ட ஸ்பீக்கருக்கும் மெத்தைக்கும் பெரிய மரியாதை கிடைக்காது. கார் காப்புறுதியில் சந்தை மதிப்பு, ஒப்புக்கொண்ட மதிப்பு என்று இரண்டு உண்டே, படகிலும் அப்படித்தான். ஒப்புக்கொண்ட மதிப்புக்கு, அதாவது படகு முழுசாகப் போனால் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதிய தொகைக்குப் போடுவதென்றால் இந்த எண்தான் அஸ்திவாரம்.

நான் திறந்தது கடைசிப் பக்கங்களை. அங்கேதான் பரிந்துரைப் பட்டியல் இருக்கும். ஏ பிரிவு என்றால் இதைச் சரி செய்யாமல் கடலுக்குப் போகாதே என்று அர்த்தம். பி என்றால் சீக்கிரம் செய். சி என்றால் வசதிப்பட்டபோது பார்த்துக்கொள். பிரிக்கும் முறை சர்வேயருக்குச் சர்வேயர் மாறும். எங்கள் ஏ பிரிவில் நான்கு: வால்வு, பம்ப், கேஸ் சிலிண்டர், பேட்டரி. கொப்புளம் பி-யில் கிடந்தது, மச்சானுக்கு அதில் ஆச்சரியம்.

இந்தப் பட்டியலைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அறிக்கை உங்கள் கைக்கு வந்த நிமிடத்தில் இருந்து "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வசதி போய்விடுகிறது. மலேசியாவில் கடல் காப்புறுதிக்கு இன்றைக்கும் அடிப்படையாக நிற்பது இங்கிலாந்தின் 1906-ஆம் ஆண்டு கடல் காப்புறுதிச் சட்டம். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 5-ஆவது பிரிவு வழியாக அது இங்கே செல்லும். அந்தப் பிரிவில் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் தனி உட்பிரிவே உண்டு. அந்த 1906 சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்வது: ஒரு வருஷம் மாதிரிக் காலக்கெடு வைத்துப் போடும் காப்புறுதியில், படகு கடலுக்கு ஏற்ற நிலையில் இருக்கிறது என்ற உத்தரவாதம் தானாகவே சேர்ந்துவிடுவதில்லை. ஆனால் ஏற்ற நிலையில் இல்லை என்று தெரிந்தே சொந்தக்காரர் அதைக் கடலுக்கு அனுப்பினால், அந்தக் குறையால் வந்த நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

தெரிந்தே என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சர்வேக்கு முன்னால் அந்த வால்வு உடைந்திருந்தால் மச்சான் ஏதாவது வாதாடியிருக்கலாம். படத்தோடு, தேதியோடு, ஏ பிரிவில் எழுதி வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்த பிறகு உடைந்தால் என்ன வாதாடுவது? பழுது பார்க்காத சர்வே அறிக்கை உங்களுக்கு எதிரான சாட்சி. இதே சட்டத்தின் 55-ஆவது பிரிவில் இன்னொன்றும் உண்டு. நாள்பட்ட தேய்மானம், வழக்கமான கசிவு, எலி கடித்துக் குதறியது, இவற்றுக்கு, பாலிசியில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, காசு கிடையாது. 1906-லேயே எலியைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஜெட்டியில் படகு கட்டியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அறிக்கையைக் கம்பெனிக்கு அனுப்பியதும் அவர்கள் கொடுத்தது பாதிக் காப்புறுதி. ஏ பிரிவு வேலை முடியும் வரை, படகு கட்டிக் கிடக்கும்போது மட்டும் செல்லும், கயிற்றை அவிழ்த்துக் கடலுக்குப் போனால் செல்லாது. மச்சான் கோபப்பட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வால்வை வெண்கலத்தில் மாற்றினோம். பம்பின் மிதவைக்குப் புது ஒயர், பேட்டரிக்குத் திருகாணி போட்ட பெட்டி, சிலிண்டர் வெளியே. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், கடை ரசீது. இவற்றோடு, பரிந்துரைத்ததைச் செய்து முடித்துவிட்டேன் என்று படகுக்காரரே கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். செய்யாததைச் செய்ததாக மட்டும் இதில் எழுதிவிடாதீர்கள். நஷ்டஈடு கேட்கும் நாளில் வருகிற இன்னொரு சர்வேயர் முதலில் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான்.

மூன்று வாரத்தில் முழுக் காப்புறுதி வந்தது. கழற்றிய பழைய வால்வை மச்சான் தூக்கிப் போடவில்லை. படகு வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் அதை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, கைப்பிடியைத் திருப்பச் சொல்கிறார். இதுவரை இரண்டு பேர் திருப்பினார்கள். இரண்டாவது ஆள் திருப்பியபோது அது உடைந்துவிட்டது.